டிராப்டவுனில் கிளையை மாற்றினால் சேமித்த தேடலும் மாற வேண்டும்: ஸ்ப்ளங்கில் வழி உண்டா?

வடலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிளை வைத்திருக்கும் ஒரு பல்பொருள் அங்காடியில் கணினி வேலை பார்க்கிறேன். ஐடி பிரிவு என்று போர்ட் மாட்டியிருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது நான் ஒருவன்தான். பில் பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் எனக்குத்தான் அழைப்பு, சேர்வர் விழுந்தாலும் எனக்குத்தான்.

பில் போடும் மெஷின்களின் லாக் எல்லாம் ஒரு ஸ்ப்ளங்க் (லாக்கைச் சேர்த்து வைத்துத் தேடும் மென்பொருள்) சேர்வருக்கு வந்து சேர்கிறது. எனக்கு முன்பு இருந்தவர் ஒவ்வொரு கிளைக்கும் மூன்று ரிப்போர்ட், அதாவது சேமித்த தேடல், வைத்துவிட்டுப் போனார் (இப்போது கனடாவில் இருக்கிறார்): பில் எண்ணிக்கை, கார்ட் மெஷின் பிழைகள், ரத்துச் செய்த பில்கள். ஆறு கிளைக்கும் சேர்த்து 18. அந்த 18-ஐயும் ஒரே டாஷ்போர்டில் 18 பேனலாக அடுக்கியிருக்கிறார். முதலாளி காலையில் வந்து அதைத் திறந்தால் பாதி பேனல் வெள்ளையாகவே நிற்கும், அவர் கூப்பிட்டு "தம்பி, இது சுத்துது" என்பார், நான் "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்பேன். மூன்று மாதமாக இதே கதைதான்.

இப்போது அவர் கேட்பது சின்ன விஷயம். மேலே இரண்டு டிராப்டவுன், ஒன்றில் கிளை, மற்றதில் வகை. இரண்டையும் தெரிவு செய்தால் கீழே ஒரே ஒரு பேனல், அதற்குரிய ரிப்போர்ட் மட்டும். ரிப்போர்ட் பெயர்கள் எல்லாம் "கிளை_வகை" என்ற அமைப்பில்தான் இருக்கின்றன, அதனால் இரண்டு டோக்கனையும் (டிராப்டவுனில் தெரிவு செய்ததை வைத்திருக்கும் மாறி) ஒட்டினால் பெயர் வந்துவிடும் என்று நினைத்தேன். டாஷ்போர்டை எழுதும் சிம்பிள் எக்ஸ்எம்எல்லில், எந்த ரிப்போர்ட் என்று சொல்லும் இடமான சேர்ச் டேக்கின் ரெஃப்பில் $கிளை$_$வகை$ என்று போட்டேன். பெயரை எடுக்கவே இல்லை, அப்படி ஒரு ரிப்போர்ட் இல்லை என்கிறது. மாறி வைத்து சேமித்த தேடலை அழைக்க வழியே கிடையாதா, அல்லது நான்தான் பிழையான இடத்தில் தட்டுகிறேனா?

(கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், போனில் ஆங்கிலத்துக்கு மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமை இல்லை. நீங்கள் அடித்துப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.)


தட்டிவான் எழுதியது:

தம்பி, இடம்தான் பிழை. ரெஃப் என்பதில் இருப்பதை நிலையான பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். டோக்கனை அங்கே வைத்து மல்லுக்கட்டாமல் கேள்வி வரிக்குள், அதாவது க்வெரி டேக்குக்குள் கொண்டு வாரும். அங்கே எந்த டோக்கனும் வேலை செய்யும்.

| சேவ்ட்சேர்ச் "$கிளை$_$வகை$"

அவ்வளவுதான். முன்னால் உள்ள அந்தப் பைப் கோட்டை விட்டுவிடாதேயும், விட்டால் அது சேவ்ட்சேர்ச் என்ற சொல்லை லாக்கில் தேடிக்கொண்டிருக்கும். இரட்டை மேற்கோளையும் கட்டாயம் போடும், பெயரில் எங்காவது ஒரு இடைவெளி இருந்தால் மேற்கோள் இல்லாமல் உடைந்துவிடும். பெயர் முழுவதும் ஒரே டோக்கனில் இருந்தால் மேற்கோளுக்குப் பதிலாக டோக்கன் பெயருக்குப் பின்னால் ஒரு பைப்பும் எஸ் எழுத்தும் போடலாம், அதுவே மேற்கோளைச் சுற்றிக்கொடுக்கும்.

இன்னொன்று, இரண்டு டிராப்டவுனுக்கும் டிஃபால்ட் கொடுக்க மறக்க வேண்டாம். டோக்கனுக்கு மதிப்பு வரும்வரை பேனல் "உள்ளீட்டுக்குக் காத்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிக்கொண்டு சும்மா நிற்கும், முதலாளி அதற்கும் உம்மைத்தான் கூப்பிடுவார்.


வடலி எழுதியது:

அண்ணை, வேலை செய்கிறது! மெத்த நன்றி.

ஆனால் இரண்டு பிரச்சினை. நெல்லியடி மட்டும் வரவே இல்லை, ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்த பிறகு பார்த்தால், பழையவர் ஆங்கிலத்தில் நெல்லியடியை ஒரு ரிப்போர்ட்டில் ஒய் எழுத்துப் போட்டும் மற்ற இரண்டில் ஒய் இல்லாமலும் எழுதியிருக்கிறார். சுன்னாகத்திலும் அதே கூத்து, ஒன்றில் இரண்டு என், இன்னொன்றில் ஒரு என். சாவகச்சேரியைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைச் சரிசெய்துவிட்டேன்.

இரண்டாவதுதான் விளங்கவில்லை. பருத்தித்துறைக் கிளையைத் தெரிவு செய்தால் என் கணக்கில் நேற்றைய பில் 412 என்று காட்டுகிறது. முதலாளியின் கணக்கில் அதே பேனல், அதே தெரிவு, 0. பழைய டாஷ்போர்டில் அவருக்கு இது சரியாகத்தான் வந்தது. அதோடு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, ஒரு பேனலுக்கே 40 செக்கன்.


பனாட்டு எழுதியது:

வடலி தம்பி, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கோ. இதே குழியில் நானும் ஒருமுறை விழுந்து எழும்பினவள்.

சேவ்ட்சேர்ச் என்ற கட்டளை சேமித்து வைத்த விடையை எடுத்துத் தருவதில்லை. சேமித்து வைத்த கேள்வியை எடுத்து, அந்த நிமிடத்தில் புதிதாக ஓட்டுகிறது. பெயரைக் கேட்டு ஏமாந்து போகக் கூடாது. அதனால்தான் 40 செக்கன். அப்படிப் புதிதாக ஓட்டும்போது யாருடைய அனுமதியில் ஓட்டுகிறது? பேனலைத் திறந்தவருடைய அனுமதியில். ரிப்போர்ட்டில் "உரிமையாளராக ஓடு" என்று வைத்திருந்தாலும் இந்தக் கட்டளை அதைக் கணக்கில் எடுக்காது. பழைய டாஷ்போர்டில் ரெஃப் வழியாகப் போனதால் உரிமையாளரின் அனுமதியில் ஓடியது, முதலாளிக்கும் எண் வந்தது. பருத்தித்துறை லாக் தனி இன்டெக்ஸில் (ஸ்ப்ளங்க் லாக்கைப் பிரித்துப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி) இருக்கிறதோ? கடைசியாகச் சேர்ந்த கிளையாக இருக்கும், முதலாளியின் ரோலுக்கு, அதாவது அவருடைய கணக்குக்குரிய அனுமதித் தொகுதிக்கு, அந்த இன்டெக்ஸைப் பார்க்க யாரும் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள். கடைக்கே சொந்தக்காரர், ஆனால் ஸ்ப்ளங்க்குக்கு அது தெரியாது பாருங்கோ.

உங்களுக்கு வேண்டியது லோட்ஜாப். அதுதான் ஏற்கெனவே ஓடி முடிந்த விடையைத் தூக்கிக்கொண்டு வரும்:

| லோட்ஜாப் சேவ்ட்சேர்ச்="உரிமையாளர்:ஆப்:$கிளை$_$வகை$"

மூன்று துண்டு, நடுவில் அரைப்புள்ளி இல்லை, முக்காற்புள்ளி, அந்த இரண்டு புள்ளி. முதலாவது ரிப்போர்ட்டின் உரிமையாளருடைய யூசர்நேம், உங்களுடையது இல்லை. இரண்டாவது அது இருக்கும் ஆப்பின் பெயர், திரையில் தெரியும் பெயர் இல்லை, ஃபோல்டர் பெயர். மூன்றாவது ரிப்போர்ட் பெயர். மூன்றும் சேர்த்து ஒரே மேற்கோளுக்குள் இருப்பதால் தட்டிவான் சொன்ன அந்த எஸ் வித்தையை இங்கே போட வேண்டாம், மேற்கோளுக்குள் மேற்கோள் வந்து குழம்பும்.

இதற்கு ரிப்போர்ட் எல்லாம் நேரம் குறித்து, ஷெட்யூல் பண்ணி, ஏற்கெனவே ஓடியிருக்க வேண்டும். ஓடாததை எங்கிருந்து தூக்குவது? முதலாளி பார்ப்பது நேற்றைய கணக்கு என்றால் விடியற்காலையில் ஒருமுறை ஓடினால் போதும். அவர் திறக்கும்போது ஒரு செக்கனில் வந்து நிற்கும்.

ஓடி முடிந்த விடை எவ்வளவு காலம் சேர்வரில் இருக்கும் என்பதையும் கவனியுங்கோ. ஷெட்யூல் பண்ணின ரிப்போர்ட்டுக்கு ஆரம்ப அமைப்பு 2பி, அதாவது அது ஓடும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. நாளுக்கு ஒருமுறை ஓடினால் இரண்டு நாள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 30 நிமிடம். எங்கள் இடத்தில் ஒருமுறை பொங்கலுக்கு சேர்வரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம், மூன்று நாள் கழித்து வந்து போட்டால் எல்லாப் பேனலும் சிவப்பு. யாரோ டேட்டாவை அழித்துவிட்டார்கள் என்று மேலதிகாரி என்னைத்தான் பார்த்தார். டேட்டா எல்லாம் பத்திரமாக இருந்தது, விடைகளின் ஆயுள்தான் முடிந்திருந்தது. டிஸ்பாட்ச் டிடிஎல் என்ற அமைப்பை 7பி, 10பி என்று கூட்டி வையுங்கோ.

பழைய டாஷ்போர்ட் ஏன் சுற்றியது என்று இப்போது விளங்கும். யூசர் ரோலுக்கு ஒரே நேரத்தில் 3 தேடல்தான் ஆரம்ப அளவு. 18 பேனல் ஒன்றாக ஓடக் கேட்டால் 3 ஓடும், 15 வரிசையில் நிற்கும்.


ஒடியற்கூழ் எழுதியது:

இதுக்கெல்லாம் ஏன் ஸ்ப்ளங்க்? ஆறு கடை பில்லுக்கு. 2024 மார்ச்சில் சிஸ்கோ ஏறத்தாழ 28 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கின சாமான் அது, அந்தக் காசை யாரிடமிருந்து எடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். கிராஃபானா (வேறொரு டாஷ்போர்ட் மென்பொருள்) போட்டால் வேரியபிள் என்று மேலே ஒரு பெட்டி, கேள்வியில் டொலர் குறி போட்டு அந்தப் பெயர், முடிஞ்சுது.


தட்டிவான் எழுதியது:

கூழ் அண்ணை, பெடியன் கேட்டது வாகனம் ஏன் இழுக்குது என்று, நீங்கள் வாகனத்தையே விற்கச் சொல்கிறீர்கள். கிராஃபானாவிலும் கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தானே ஓட்ட வேண்டும், அந்தக் காலை விடையை எடுத்து வைக்கிற வேலையை வேறு எங்காவது செய்யத்தான் வேண்டும்.


வடலி எழுதியது:

அக்கா, பருத்தித்துறை நீங்கள் சொன்ன மாதிரியேதான், தனி இன்டெக்ஸ். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிச் சொல்லிவிட்டீர்கள்.

18 ரிப்போர்ட்டுக்கும் காலை 6 மணி என்று நேரம் குறித்தேன். முதல் நாள் 6 மணிக்கு ஒன்றும் வரவில்லை, 7 மணிக்கும் இல்லை, கடை திறந்து முதலாளி வந்து தேத்தண்ணி குடித்து முடித்து, நான் பதில் சொல்லிக் களைத்து, பிறகு 11:30-க்கு எல்லாம் வந்து குதித்தன. சேர்வரின் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது, எங்களுக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். இப்போது 00:30 என்று மாற்றியிருக்கிறேன்.

ஆனால் இன்று காலை வேறு சோலி. லோட்ஜாப் எல்லாம் பிழை. நேற்று வந்தது, இன்று வரவில்லை. இடையில் நான் ஒன்றும் மாற்றவில்லை. கனடா போனவரின் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது, பாதுகாப்பு இல்லையே என்று அதை அழித்தேன், அவ்வளவுதான்.


பனாட்டு எழுதியது:

"ஒன்றும் மாற்றவில்லை, அவ்வளவுதான்." இந்த வரியை நான் அச்சடித்து மேசையில் ஒட்டப் போகிறேன் தம்பி.

ரிப்போர்ட் 18-க்கும் உரிமையாளர் அவர்தானே. கணக்கை அழித்ததும் அவை அநாதையாகிவிட்டன, ஸ்ப்ளங்கிலும் அதற்கு அதே சொல்தான், ஆர்ஃபன்ட். உரிமையாளர் இல்லாத ரிப்போர்ட்டை ஷெட்யூலர் ஓட்டாது, ஏனென்றால் யாருடைய அனுமதியில் ஓட்டுவது என்று அதற்குத் தெரியாது. செட்டிங்ஸில் ஆல் கான்ஃபிகரேஷன்ஸ் என்பதற்குள் போனால் ரீஅசைன் நாலெட்ஜ் ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அங்கே உரிமையை மாற்றுங்கோ. உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டாம், நாளைக்கு நீங்களும் எங்காவது பறப்பீர்கள், அடுத்த பெடியன் இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பான். ரிப்போர்ட்டுக்கென்று ஆளில்லாத ஒரு பொதுக் கணக்குத் திறந்து அதற்கு மாற்றுங்கோ. பிறகு லோட்ஜாப் வரியில் முதல் துண்டையும் அந்தப் புதுப் பெயருக்கு மாற்ற வேண்டும், புதிய பெயரில் ஒருமுறை ஓடி முடியும்வரை பேனல் வெறுமையாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

18-ஐயும் ஒரே நிமிடத்தில் ஓட விட்டிருக்கிறீர்கள் போல. சேர்வரில் எத்தனை கோர்?


வடலி எழுதியது:

4 கோர் அக்கா. கடையின் பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.


பனாட்டு எழுதியது:

அப்படியென்றால் கணக்கு இப்படி: கோருக்கு ஒன்று, அதற்கு மேல் அடிப்படையாக 6, ஆக 10 தேடல்தான் ஒரே நேரத்தில். அதில் ஷெட்யூலருக்குப் பாதி, 5. மற்ற 13-உம் காத்து நிற்கும், கூட்டம் நெருக்கினால் சிலது தவறியும் போகும். இன்டர்னல் இன்டெக்ஸில் ஷெட்யூலர் லாக்கை எடுத்து ஸ்டேட்டஸ் ஸ்கிப்ட் என்று தேடினால் எது தவறியது என்று தெரியும். ஐந்து ஐந்து நிமிடம் தள்ளித் தள்ளி வையுங்கோ.


மழைக்காகம் எழுதியது:

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு, மன்னிக்கணும். மொத்தத் திரியும் படிச்சேன். எல்லாரும் 18 ரிப்போர்ட்டை எப்படி ஓட்டுறதுன்னு பேசுறீங்க, 18 எதுக்குன்னு யாரும் கேட்கலையே?

கிளைப் பெயரைத் தவிர ஆறு ரிப்போர்ட்டும் ஒரே தேடல்தானே. நெல்லியடி ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்க, சுன்னாகத்தைத் திறந்து பாருங்க, ஒரே ஒரு சொல்தான் வித்தியாசமா இருக்கும். அப்ப வகைக்கு ஒண்ணு, மொத்தம் மூணு ரிப்போர்ட் போதும். ஒவ்வொண்ணும் எல்லாக் கிளையையும் சேர்த்து எடுக்கட்டும், கடைசியில ஸ்டாட்ஸ்ல "பை கிளை"ன்னு போட்டுப் பிரிச்சுக்கட்டும். காலையில மூணே மூணு தடவை ஓடும். டாஷ்போர்டில்:

| லோட்ஜாப் சேவ்ட்சேர்ச்="பொதுக்கணக்கு:ஆப்:$வகை$" | சேர்ச் கிளை="$கிளை$"

மாறியை ரெண்டா உடைச்சாச்சு. வகை எந்த விடையைத் தூக்கணும்னு சொல்லுது, கிளை தூக்கினதுல எந்த வரியைக் காட்டணும்னு சொல்லுது. நெல்லியடிக்கு ஒய் உண்டா இல்லையாங்கிற பஞ்சாயத்தே வராது, ஏன்னா ரிப்போர்ட் பெயரில் ஊர்ப் பெயரே இல்ல. டேட்டாவுக்குள்ளேயும் ஊர்ப் பெயரை நம்பாதீங்க. டிராப்டவுனில் கண்ணுக்குத் தெரியுறதுக்கு லேபிள், உள்ளே போற மதிப்புக்கு வேல்யூன்னு தனித்தனியா இருக்கு. லேபிளில் நெல்லியடின்னு அழகாத் தமிழில் எழுதுங்க, வேல்யூவில் 04 மாதிரி ஒரு எண்ணை வைங்க. பில் மெஷின் லாக்கில் கிளை எண் எப்படியும் இருக்கும்.

"எல்லாக் கிளையும்" வேணும்னா வேல்யூவில் ஒரு நட்சத்திரக் குறி. சேர்ச் கட்டளைக்கு அது புரியும்.


தட்டிவான் எழுதியது:

காகம் சொல்வது சரி. நான் முதலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

சேவ்ட்சேர்ச் கட்டளையிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சேமித்த தேடலுக்குள் கிளை வரும் இடத்தில் $கிளை$ என்று எழுதி வைத்தால், அழைக்கும்போது

| சேவ்ட்சேர்ச் பில்_எண்ணிக்கை கிளை="$கிளை$"

என்று மதிப்பைக் கையில் கொடுத்து அனுப்பலாம். ஒரே ரிப்போர்ட், யார் கேட்டாலும் அவருக்குரிய கிளை. இன்றைய கணக்கை இந்த நிமிடம் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் வழி. ஒன்று, அந்த ரிப்போர்ட்டைத் தனியாகத் திறந்தால் கிளைக்கு மதிப்பு இல்லாமல் 0 காட்டும், பிறகு வந்து இங்கே அழக் கூடாது.


வடலி எழுதியது:

அழமாட்டேன் அண்ணை.

ஒரு சந்தேகம். முதலாளி சொல்கிறார், கிளை மேலாளர்களுக்கும் இதே டாஷ்போர்டைக் கொடுக்கலாமாம், ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் கிளையை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம். சாவகச்சேரிக்காரருக்கும் நெல்லியடிக்காரருக்கும் யார் கூட விற்றது என்று ஏற்கெனவே புகைச்சல். டிராப்டவுனை மறைத்துவிட்டு, டோக்கனுக்கு நானே மதிப்பைப் போட்டு, ஆளுக்கொரு இணைப்பு அனுப்பினால் போதுமா?


பனாட்டு எழுதியது:

போதாது. டிராப்டவுனை மறைத்தாலும் டோக்கன் முகவரியில்தான் இருக்கும். முகவரியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பிறகு ஃபார்ம், ஒரு புள்ளி, டோக்கன் பெயர், சமக்குறி, 04 என்று நிற்கும். அந்த 04-ஐ 05 ஆக மாற்ற நெல்லியடிக்காரருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இந்த வசதி முதலாளிக்கு நல்லது, அவர் பார்க்கும் தெரிவோடு சேர்த்து இணைப்பைச் சேமித்து வைக்கலாம். பூட்டாக மட்டும் அதை நம்ப வேண்டாம்.

லோட்ஜாப் தருவது உரிமையாளரின் அனுமதியில் ஓடின விடை, அந்த விடைக்குள் ஆறு கிளையும் இருக்கிறது. அதை வாசிக்க அனுமதி உள்ளவர் வடிகட்டியை எடுத்துவிட்டால் எல்லாம் தெரியும். அதனால் முதலாளிக்கு லோட்ஜாப் டாஷ்போர்ட் ஒன்று, மேலாளர்களுக்கு சேவ்ட்சேர்ச் வைத்த வேறு டாஷ்போர்ட் ஒன்று. முதலாளிக்கு 0 காட்டி உங்களைப் படுத்தின அதே குணம் இங்கே உங்கள் பக்கம் நிற்கும், பார்ப்பவரின் அனுமதியில்தான் ஓடும் அல்லவா. மேலாளரின் ரோலுக்கு அவருடைய கிளையின் இன்டெக்ஸ் மட்டும் கொடுத்தால், டோக்கனை எப்படி மாற்றினாலும் மற்றக் கிளைக்கு 0 தான் வரும். ஆனால் இதற்குக் கிளைக்கொரு இன்டெக்ஸ் வேண்டும், இப்போது பருத்தித்துறைக்கு மட்டும்தானே தனியாக இருக்கிறது.


மழைக்காகம் எழுதியது:

இன்டெக்ஸைப் பிரிக்க முடியாட்டி ரோலுக்கே ஒரு தேடல் வடிகட்டி வைக்கலாம், ரோல் அமைப்பில் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்னு ஒரு பகுதி இருக்கு. ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டு ரோல் இருந்தா வடிகட்டிகள் ஒண்ணா சேர்ந்து அனுமதி கூடிடும், அதைப் பார்த்துக்கணும். அக்கா சொன்ன இன்டெக்ஸ் வழிதான் நிம்மதி.


வடலி எழுதியது:

ஒரு கிழமை கழித்து வந்திருக்கிறேன், என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் நல்லாயிராது.

18 போய் 3 ஆனது. பொதுக் கணக்கு ஒன்று திறந்து மூன்றையும் அதன் பெயருக்கு மாற்றினேன், காலையில் ஒன்றுக்கொன்று ஐந்து நிமிடம் தள்ளி ஓடுகின்றன, டிடிஎல் 7பி. முதலாளியின் டாஷ்போர்ட் திறக்கும் வேகத்தைப் பார்த்து அவரே சந்தேகப்பட்டார். "தம்பி, இது உண்மையான கணக்கோ, இல்லை படமோ?" என்றார். அது நியாயமான கேள்விதான் என்று பிறகு பட்டது, ஏனென்றால் மேலே இருந்த நேரப் பெட்டியில் அவர் "கடந்த 7 நாள்" என்று மாற்றியிருக்கிறார், எண் அசையவே இல்லை. லோட்ஜாப் ஏற்கெனவே முடிந்த விடையைத் தருவதால் நேரப் பெட்டிக்கு அதில் வேலை இல்லை என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. பெட்டியைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக ரிப்போர்ட்டுக்குள்ளேயே எவால் கட்டளை போட்டு, அது ஓடும் நேரத்தைத் தரும் நவ் மதிப்பை "எடுத்த நேரம்" என்று ஒரு பத்தியில் எழுத வைத்தேன், இப்போது ஒவ்வொரு அட்டவணையிலும் இந்தக் கணக்கு எத்தனை மணிக்கு எடுத்தது என்று நிற்கிறது. முதல் நாள் அதுவும் யூடிசி நேரத்தைக் காட்டி மானத்தை வாங்கியது, பொதுக் கணக்கின் நேர வலயத்தை இலங்கைக்கு மாற்றிய பிறகு சரி.

7 நாள் கணக்கு கேட்டாரே என்று, தட்டிவான் அண்ணை சொன்ன மதிப்புக் கொடுத்து அழைக்கும் முறையில் கீழே இன்னொரு பேனல் வைத்திருக்கிறேன். அதற்கென்று தனி நேரப் பெட்டி, அது மெதுவாகத்தான் வரும், பேனலின் தலைப்பிலேயே "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று எழுதிவிட்டேன்.

மேலாளர்களின் டாஷ்போர்ட் இன்னும் தொடங்கவில்லை, இன்டெக்ஸ் பிரிக்கும் வேலை நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகுதான், அதுவரை கடையில் ஒருவருக்கும் மூச்சு விட நேரம் இல்லை.

கிளை டிராப்டவுனைக் கையால் எழுதாமல், அதே லோட்ஜாப் விடையிலிருந்தே நிரப்ப வைத்திருக்கிறேன், விடையில் எந்தக் கிளை இருக்கிறதோ அதுதான் பட்டியலில் வரும், எண்ணுக்குரிய ஊர்ப் பெயர் ஒரு லுக்கப் கோப்பிலிருந்து. அடுத்த மாதம் கொடிகாமத்தில் ஏழாவது கிளை திறக்கிறார்கள். 07, கொடிகாமம் என்று கோப்பில் ஒரு வரி சேர்த்தாயிற்று. முதல் பில் போட்ட மறுநாள் காலை பட்டியலில் தானாக வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.